வீடியோ வழி மனநல ஆலோசனை: குமரி மாவட்டத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்கிறேன். வாரத்தில் பாதி நாள் ஆட்கள் நேரில் வருகிறார்கள். மீதி நாள்களில் லேப்டாப் முன் அமர்ந்து நீரோடியிலிருந்தும் கடையாலுமூட்டிலிருந்தும் குவைத்திலிருந்தும் பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். முதல் முறை பேசுவதற்கு முன் பலரும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இடையில் வரும் அனுபவங்களில் ஆளை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

கவுன்சலிங் என்றால் அறிவுரை சொல்வதுதானே?

அறிவுரைக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. மாமியார், வாத்தியார், போதகர், எதிர்வீட்டு மைனி என்று எல்லாரிடமும் வேண்டிய அளவு கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். பலர் என்னை அக்கா என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டு அக்காவைப் போல "இதை விட்டுவிடு, அதைச் செய்" என்று நான் சொல்ல மாட்டேன்.

ஓர் உதாரணம் சொன்னால் புரியும். மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது ஒருவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, செத்துவிடுவோம் என்று தோன்றுகிறது. இரண்டு முறை ஈசிஜி எடுத்தும் இதயத்தில் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் பஸ் ஏறுவதை நிறுத்திவிடுகிறார். பிறகு கடைக்குப் போவதையும், கோவில் கொடைக்குப் போவதையும். அந்தப் படபடப்பு உடம்பின் எச்சரிக்கை மணி தவறான நேரத்தில் அடிப்பதால் வருவது. அது தானே ஏறித் தானே இறங்கும் என்பதை அவரே தன் உடம்பில் பார்த்துக் கற்கும் வரை நாங்கள் சேர்ந்து வேலை செய்வோம். முதலில் பஸ் நிறுத்தம் வரை. பிறகு ஒரு நிறுத்தம் தூரம். இதில் வீடியோவுக்கு ஒரு வசதி உண்டு: அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது நானும் அவரோடு இருக்க முடிகிறது.

முதல் அமர்வில் என்ன கேட்பீர்கள்?

பெயர், வயது கேட்ட உடனே "இப்போது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று முகவரியோடு கேட்பேன். அவசரத்துக்கு அழைக்க ஒருவரின் போன் எண்ணும் கேட்பேன். இதைக் கேட்டு மிரள்கிறவர்கள் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் ஓடிவர முடியாது. ஓடிவரக்கூடியவர் யார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான்.

அதுபோல என் பதிவு எண்ணையும் தகுதியையும் நீங்கள் கேட்க வேண்டும். மருத்துவர்களுக்கான மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டி 2020 மார்ச் 25 அன்று வந்தது. நோயாளி யார் என்று மருத்துவருக்கும், மருத்துவர் யார் என்று நோயாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அது.

பிறகு தூக்கம், பசி, எப்போதிலிருந்து இப்படி, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடிப்பழக்கம் உண்டா என்று போகும். தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்வதும் உண்டு; தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வைப் போலவே சோர்வும் மந்தமும் வரும். "சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா?" என்று நேராகவே கேட்பேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஏற்கெனவே இருந்தால், அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்ற ஆறுதல் கிடைக்கும். தற்கொலைக்கு முயன்றவர்கள் வழக்கு வருமோ என்று பயந்து மறைக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. பயமில்லாமல் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினாலே "உள்ளே என்ன நடக்கிறது?" என்று கேட்பார்கள். எங்கே உட்கார்ந்து பேசுவது?

என்னைக் கேட்டால் எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். நல்ல போனும் நல்ல நெட்டும் இருந்தும் பாதியில் நின்றுபோன அமர்வுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் சாத்த முடியாத ஒரு கதவு.

கடற்கரை ஊர்களில் இரண்டு வீட்டுக்கு நடுவில் ஆள் நுழையும் இடம்கூட இருக்காது. இந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று அந்த வீட்டுக்குத் தெரியும். ரப்பர் தோட்டக் குடியிருப்புகளிலும் நிலைமை அதேதான். ஆனாலும் ஆட்கள் இடம் கண்டுபிடிக்கிறார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் ஒரு பெண், விடியுமுன் தொடங்கிய வேலை முடிந்து பாலையும் கொடுத்துவிட்டு, மதியம் ஆள் இல்லாத தோட்டத்தில் மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்து பேசுவார். தையல்கடை வைத்திருக்கும் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பேசுவார். இன்னொருவர் தன் தம்பியின் ஆட்டோவில் உட்கார்ந்து பேசினார். ஐம்பது நிமிடமும் அந்தத் தம்பி கொஞ்சம் தள்ளிச் சாயாக்கடையில் நின்றார். நான்கு மாதம், வாரம் தவறாமல். என்ன பேசினாய் என்று ஒரு நாளும் அவர் கேட்கவில்லை என்று அந்த அக்கா சொன்னபோது என் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் உள்ளவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். அந்த ஐம்பது நிமிடம் கதவு சாத்தியே இருக்கட்டும். சாயாவை முடிந்த பிறகு கொடுங்கள். வெளியே வந்தவுடன் "எங்களைப் பற்றி என்ன சொன்னாய்?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே அடுத்த வாரம் பேச வேண்டியதைப் பேசாமல் விழுங்கிவிடுகிறார்கள்.

இயர்போன் போட்டால் என் குரல் வெளியே கேட்காது. உங்கள் குரல் கேட்கும். எனவே கதவுக்கு வெளியே ஒரு ரேடியோவையோ டி.வி.யையோ ஓட விடுங்கள். பேச முடியாத கட்டத்தில் தட்டச்சு செய்து அனுப்பலாம். முதல் நாளே ஒரு குறிப்புச் சொல்லும் வைத்துக்கொள்வோம். "தேங்காய் வெட்டுகிறவர் வந்திருக்கிறார்" என்று நீங்கள் சொன்னால், யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு நானே பேச்சை மாற்றிவிடுவேன்.

உங்களை அடிக்கிறவரோ மிரட்டுகிறவரோ அதே வீட்டில் இருந்தால் அங்கிருந்து வீடியோவில் பேச வேண்டாம். வெளியே வந்து பேசுங்கள், அல்லது பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

நேரில் பார்ப்பதைப் போலப் பலன் கிடைக்குமா?

மனச்சோர்வு, பதற்றம், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன வேதனை போன்றவற்றில் வீடியோ வழிச் சிகிச்சை நேரில் செய்வதற்கு ஏறக்குறைய இணையான பலனைத் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் அனுபவமும் அதையே சொல்கிறது. கோதையாறு மலைப்பக்கத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வந்துபோக ஒரு நாள் கூலி போய்விடும். இரண்டு முறை வந்துவிட்டு நின்றுவிடுவார்கள். வீடியோவில் பன்னிரண்டு முறையும் வருகிறார்கள்.

நேரில் வந்தால் கிடைக்காத ஒன்றும் இதில் கிடைக்கிறது. உங்கள் வீடு எனக்குத் தெரிகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கடலில் இருந்து திரும்பாதவர்களின் வீடுகள் தூத்தூர் பக்கத்து ஊர்களில் வரிசையாக உண்டு. அப்படி ஒரு வீட்டிலிருந்து பேசிய ஒரு தாய், மகனைப் பற்றி மூன்று அமர்வுகளாக ஒன்றும் சொல்லவில்லை. தூக்கம் வரவில்லை என்பதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் இருந்தது. மற்றப் படங்களுக்கு மாலை போட்டிருந்தார்கள், அதற்கு மட்டும் இல்லை. உடல் கிடைக்காததால் மாலை போட அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் படத்தைப் பற்றிக் கேட்ட நாளில்தான் எங்கள் வேலை தொடங்கியது. என் அறையில் பேசியிருந்தால் அந்தச் சுவரை நான் பார்த்திருக்க மாட்டேன்.

இழப்பும் உண்டு. நீங்கள் கால் ஆட்டுவதும் சேலை நுனியைப் பிசைவதும் திரையில் தெரியாது. அதனால் "இப்போது உடம்பில் என்ன செய்கிறது?" என்று வாயால் நிறையக் கேட்பேன். நான் உங்களை நேராகப் பார்ப்பதுபோல் இருக்காது. உங்கள் முகம் திரையில், கேமரா அதற்கு மேலே. கவனிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் கரண்டும் நெட்டும் போய்விடுமே?

போகும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. எனவே முதல் நாளே பேசி வைப்போம்: தொடர்பு அறுந்தால் ஐந்து நிமிடத்துக்குள் நான் சாதாரண போனில் கூப்பிடுவேன், மீதியைக் குரல் வழியாக முடிப்போம். ஒரு மணி நேர வீடியோ அழைப்புக்கு ஏறக்குறைய அரை ஜிபி முதல் ஒன்றரை ஜிபி வரை டேட்டா ஆகும். மழை பெய்தால் பால்வெட்டும் நிற்கும் என்பதால், தோட்டத்து ஆட்கள் மழை நாளில்தான் கூடுதல் நேரம் கேட்கிறார்கள்.

இன்னொன்று. நீங்கள் பேசி முடித்ததும் நான் சில நொடி அமைதியாக இருப்பேன். பலர் உடனே "ஹலோ, கேட்கிறதா?" என்கிறார்கள். கேட்கிறது. நீங்கள் சொன்னது சொல்லப்பட்டதாகவே கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றுதான் காத்திருக்கிறேன்.

நான் பேசியது வெளியே போகாது என்று எப்படி நம்புவது?

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு உங்கள் தகவல்களை ரகசியமாக வைக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. கல்யாணம் பேச வந்தவர்கள் விசாரித்தாலும், வேலை பார்க்கும் இடத்திலிருந்து கேட்டாலும், உங்கள் அம்மாவே கேட்டாலும், உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு வார்த்தையும் வராது. சின்ன ஊரில் இதன் மதிப்பு என்ன என்று எனக்குத் தெரியும். கீழ்ப்பாக்கம், ஊளம்பாறை என்ற இரண்டு ஊர்ப் பெயர்களை, அங்கே மனநல மருத்துவமனை இருக்கிற ஒரே காரணத்துக்காக ஏச்சுச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம்.

விதிவிலக்குகளையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தால், நீதிமன்றம் கேட்டால் மட்டும் நான் சொல்லியாக வேண்டும். குழந்தை விஷயத்தில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் புகார் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

அமர்வை நான் பதிவு செய்வதில்லை. நீங்களும் கேட்காமல் பதிவு செய்ய வேண்டாம். குடும்பத்தில் எல்லாரும் எடுத்துப் பார்க்கும் போன் என்றால், முடிந்ததும் குறுஞ்செய்திகளை அழித்துவிடுங்கள்.

எதிரே இருப்பவர் தகுதியானவர்தானா என்று எப்படிப் பார்ப்பது?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, பிறகு மனநல மருத்துவத்தில் எம்.டி. போன்ற மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் அதற்கான தனிப் பயிற்சி முடித்து, இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் எண் பெற்றவர். மருந்து எழுத மாட்டார். பேச்சு வழிச் சிகிச்சையும் சோதனைகளும் எங்கள் வேலை. ஆலோசகர் என்ற பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம் என்பதால் அங்கேதான் கவனம் வேண்டும். நல்ல பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் நிறைய இருக்கிறார்கள். இரண்டு நாள் வகுப்பு முடித்துச் சான்றிதழை மாட்டி வைத்தவர்களும் இருக்கிறார்கள். எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றீர்கள் என்று கேளுங்கள். நல்லவர் கோபப்பட மாட்டார். "மூன்றே அமர்வில் குணம்" என்று உறுதி தருகிறவரிடம் போகாதீர்கள்.

வீடியோவிலேயே மாத்திரை எழுதித் தருவார்களா?

மனநல மருத்துவர் எழுதலாம், எல்லாவற்றையும் அல்ல. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை வீடியோ வழியாக எழுத விதிகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. தூக்க மாத்திரைகளில் சிலவும் அதில் வரும். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை "இப்போது கவுன்சலிங் போகிறேனே" என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

கணவர் வளைகுடாவில் இருக்கிறார். இருவரும் சேர்ந்து பேச முடியுமா?

முடியும். வீடியோவால் நம் மாவட்டத்துக்குக் கிடைத்த பெரிய நன்மை இது என்றே நினைக்கிறேன். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரமும், சவூதி, குவைத், கத்தார் இரண்டரை மணி நேரமும் பின்னால் இருக்கின்றன. அவர் வேலை முடித்து அறைக்கு வரும்போது இங்கே பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அந்த நேரம் பலருக்குத் தோதாக இருக்கிறது. ஐந்தாறு பேர் தங்கும் அறையில் அவருக்கும் தனிமை கிடைக்காது என்பதை மறக்க வேண்டாம். நிறுத்தியிருக்கும் வண்டிக்குள் உட்கார்ந்து பேசுகிறவர்களே அதிகம். முதலில் இருவரோடும் தனித்தனியாக ஒவ்வொரு அமர்வு, பிறகு சேர்ந்து. தனியாகச் சொன்னதை மற்றவரிடம் நான் கொண்டுபோக மாட்டேன்.

யாருக்கு இது பொருந்தாது?

இப்போதே செத்துவிடலாம் என்ற தீவிரத்தில் இருப்பவர், யாரும் பேசாமலே குரல் கேட்கிறவர், நாள்கணக்கில் சாப்பிடாமலும் தூங்காமலும் இருப்பவர் ஆகியோருக்கு முதலில் மருத்துவமனை. தினமும் குடித்தவர் திடீரென நிறுத்திக் கை நடுங்கினால், அதை வீடியோவில் பார்க்கவே கூடாது. அடுத்த ஓரிரு நாளில் வலிப்பும், அதைத் தொடர்ந்து மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். சின்னக் குழந்தைகளையும் நான் நேரில்தான் பார்க்கிறேன். அவர்கள் விளையாட்டில்தான் பேசுவார்கள்.

ஜெபத்துக்கும் கோவிலுக்கும் தர்காவுக்கும் போகிறோம். அதை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். மனதைத் தாங்கிப் பிடிக்கும் எதையும் நான் பிடுங்க மாட்டேன். ஆனால் சங்கிலி, அடி, பட்டினி, மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஆகியவை எங்கே நடந்தாலும் உடனே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, கட்டிப் போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

எத்தனை அமர்வு? எவ்வளவு செலவு?

வாரம் ஒன்று, 45 முதல் 50 நிமிடம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பெரும்பாலும் எட்டிலிருந்து இருபது அமர்வுக்குள் தெளிவான மாற்றம் தெரியும். நான்கைந்து அமர்வான பிறகும் ஒன்றுமே மாறவில்லையென்றால் ஆலோசகரிடமே சொல்லுங்கள். ஆளை மாற்றிக்கொள்வதும் உங்கள் உரிமை. எனக்கு வருத்தம் வராது. கட்டணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். முதல் அழைப்பிலேயே கேளுங்கள், கடைசி நேரத்தில் வர முடியாவிட்டால் பணம் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து.

பணம் இல்லை என்பதற்காக யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது. 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது; தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. ஆசாரிப்பள்ளத்தில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவை தாலுகா அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. எந்த நாள் என்று அங்கேயே விசாரியுங்கள்.

என் மகனுக்குப் பதினாறு வயது. அவன் பேசுவதை நான் பக்கத்தில் இருந்து கேட்கலாமா?

முதல் பத்து நிமிடம் நீங்களும் இருங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் நான் அவனைப் பார்க்கவும் முடியாது. அதன் பிறகு வெளியே போய்விடுங்கள். கதவுக்கு அந்தப் பக்கமும் நிற்க வேண்டாம், அவனுக்குத் தெரியும்.

பேசி முடித்ததும் மனது இன்னும் கனமாகிவிட்டால்?

ஆகலாம், குறிப்பாக இரண்டாவது மூன்றாவது அமர்வுகளில். நேரில் வந்தவருக்குத் திரும்பிப் போகும் பஸ் பயணம் ஓர் இடைவெளி. வீடியோவில் பட்டனை அழுத்தியவுடன் அடுக்களையில் நிற்பீர்கள். அதனால் முடிந்த பிறகு பதினைந்து நிமிடம் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் கழுவுங்கள், முற்றத்தில் கொஞ்சம் நடங்கள். அழுதுவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். அழலாம். கேமராவை அணைத்துவிட்டு அழுதாலும் நான் அழைப்பில் இருப்பேன்.

எனக்கு நல்ல தமிழில் பேச வராது. என்ன சொல்லித் தொடங்குவது?

"வெப்ராளமாக இருக்கிறது" என்று தொடங்குங்கள். சோகமும் பயமும் கோபமும் சேர்ந்து நெஞ்சுக்குள் உருள்வதைச் சொல்ல நம்மிடம் இருக்கும் அந்தச் சொல்லுக்கு ஈடாக என் பாடப் புத்தகங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. மலையாளம் கலந்து வந்தாலும் சரி. வேறு மாவட்டத்து ஆலோசகராக இருந்து அந்தச் சொல் புரியாமல் அவர் விழித்தால், அது உங்களுக்கு உடம்பில் எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் வருகிறது, வந்தால் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். முதல் ஐம்பது நிமிடத்துக்கு அது போதும்.